கரை மரத்துக் கள்ளு

என் தங்கச்சி புருஷனுக்கு வலது கையில மூணு விரல்தான் இருக்குது. மீதி ரெண்டை வெட்டினது நான். இதை மொதல்லயே சொல்லிடுறேன். அப்புறம் பாதியில வந்து "அடப்பாவி, நீயா?"ன்னு யாரும் கேக்கக் கூடாது. திட்டுறவங்க இப்பவே திட்டிட்டு மேல படிங்க.

அறுபதுகள்ல நடந்த கதை. மதுவிலக்கு இருந்த காலம். பனையில பதநீர் இறக்க மட்டும்தான் சர்க்கார் அனுமதி. கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலைன்னா கள்ளு. அவ்ளோதான் வித்தியாசம். நாங்க பத்துக் கலயத்துல தடவுவோம், ரெண்டுல மறந்துடுவோம். மறதிக்கெல்லாமா ஜெயிலு? ஜெயிலுதான். போலீஸ்காரன் வந்தா கலயத்துல கையை விட்டுப் பார்ப்பான். விரல்ல வெள்ளை ஒட்டலைன்னா மொதல்ல கலயம் உடையும், அடுத்து நம்ம வாயி உடையும். எனக்குக் கடைவாய்ப் பல்லு ரெண்டு அப்படித்தான் போச்சு. பனைமரத்தடியில நின்னு பாலைக் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவாங்கன்னு பழமொழி சொல்றாங்களே, எங்களுக்கு அந்தக் கவலையே இல்ல. நாங்க குடிச்சது கள்ளுதான்.

எனக்குச் செஞ்சி ஏரிக்கரையில ஆறு மரம் குத்தகை. தங்கச்சியைக் கட்டினவனுக்கு சிங்கவரத்துல, மலையடியில அஞ்சு மரம். அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சான். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. தங்கச்சிக்கு மாப்பிள்ளை தேடினப்போ, "மரம் ஏறுறவன் வேணாம், என்னைக்கு இருந்தாலும் விழுந்து சாவான்"னு எங்க அம்மா தலைகீழா நின்னா. நான்தான் பிடிவாதமா நின்னு கட்டி வச்சேன். அவன் பாளை சீவுற அழகைப் பார்த்துட்டுக் கட்டி வச்சேன்னே சொல்லலாம். பாளைன்றது பனையோட பூக்குலை, அதைத் தினம் மூணு வேளை சீவணும். ஒரு மயிரிழை கூடப் போனா பாளை செத்துடும், கம்மியாப் போனா ஊறாது. அவன் வலது கை தப்பினதே கிடையாது.

கள்ளுன்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனைக்கிறவனுக்கு நாக்கு மரத்துப்போச்சுன்னு அர்த்தம். நாலணாவுக்கு ஒரு மொந்தை. விலை கம்மின்னா ருசியும் கம்மியா? எவன் சொன்னான்? தை மாசம் ஆண் பனைதான் மொதல்ல பாளை விடும். அந்தப் பனிக்காலத்துக் கள்ளு இளசா, இனிப்பா இருக்கும், உச்சிவெயில் வரைக்கும் புளிக்காது. பங்குனியில பெண் பனையும் சேர்ந்துக்கும். வெயில் ஏற ஏறக் கள்ளு கெட்டிப்படும். காலையில இறக்கினது பத்து மணிக்கெல்லாம் நுரை கக்கிக்கிட்டுப் பொங்கும். கத்திரி வெயில் கள்ளு இருக்குதே, அது கள்ளு இல்ல, கோவம். ரெண்டு மொந்தை குடிச்சவன் மூணாவதுக்குக் கூடப் பொறந்தவனையே அடிப்பான். கடலை மண்டியில மல்லாட்டை மூட்டை தூக்குற ஆளுங்க ரெண்டு பேரு, ஒருத்தன் காதை ஒருத்தன் கடிச்சு எடுத்ததை என் மரத்தடியிலயே பார்த்திருக்கேன். காரணம் இன்னான்னு ரெண்டு பேருக்குமே தெரியல.

மழை பேஞ்சா வேற கதை. மரம் தண்ணி குடிச்சுக் கள்ளு நீத்துப்போகும். மட்டை வழியா வழியுற தண்ணி தூசியை எல்லாம் கழுவிக்கிட்டு வந்து கலயத்துல ஊத்தும். மண் வாசம் அடிக்கும். அப்புறம் மரம் நிக்கிற எடம்னு ஒண்ணு இருக்குது. மச்சானோட மரங்க பாறை இடுக்குல நிக்குது. கொஞ்சமாத்தான் ஊறும், ஆனா கெட்டி, நாக்குல லேசாத் துவர்க்கும். என் கரை மரம் கணக்கில்லாம ஊறும், கொஞ்சம் நீர்த்தாப்புல இறங்கும், குடிச்சு முடிச்சப்புறம் தொண்டையில ஏரிச் சேத்து வாசம் நிக்கும். கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தாலும் எந்த மரம், எந்த மாசம்னு சொல்லுவேன். பந்தயம் கட்டித் தோத்தவன் எத்தனையோ பேரு. தோத்துட்டு ஒத்துக்காதவனை அடிச்சும் இருக்கேன்.

இந்த நாக்குக்குக் கொம்பு முளைச்சது பாண்டிச்சேரிக்காரன் ஒருத்தனாலதான். மில்லுல வேலை பார்த்தவன், செஞ்சிக்கு மாமியார் வீட்டுக்கு வந்தப்போ, பைக்குள்ள துணியில சுத்தி ஒரு ஒயின் பாட்டில் கொண்டாந்தான். அங்கதான் மதுவிலக்கு கிடையாதே. "ரொம்ப மட்டமான வெலதான், ஆனா சீமைச் சரக்கு. அந்த ஊர்ல வெயில் அடிச்ச வருஷத்துக்கு ஒரு ருசி, மழை பேஞ்ச வருஷத்துக்கு ஒரு ருசின்னு பாட்டில் மேல வருஷத்தையே எழுதுவாங்க"ன்னான். ஒரு வாய் குடிச்சேன். சப்புன்னு இருந்துச்சு, திராட்சை இருந்த எடத்துல தண்ணி இருந்துச்சு. "இது மழை அதிகமாப் பேஞ்ச வருஷம்"னு சொன்னேன். அவன் வாயைப் பொளந்தான். "இதையேதான்யா கடைக்காரனும் சொன்னான், அதனாலதான் மலிவாக் குடுத்தான்!" அவ்ளோதான். அன்னைலருந்து ஊர்ல என் நாக்கு சீமை நாக்கு ஆயிடுச்சு. நானும் அதை நம்பினேன், அதுதான் வினை.

அந்த வருஷம் சித்திரையில ஏரி காஞ்சுபோச்சு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா அந்த ஏரி சித்திரையில காஞ்சு நான் பார்த்ததில்ல. நடுவுல மாடு நடந்து போகுது, புழுதி பறக்குது. அதே வாரம் கரை மரத்துக் கலயம் குறைய ஆரம்பிச்சது. நிறைஞ்சு வழிஞ்ச கலயம் முக்காலாச்சு, ரெண்டு நாள் கழிச்சுப் பாதியாச்சு. நான் ஏரியைப் பார்த்தேனா? இல்ல. "எவனோ கை வைக்கிறான்"னுதான் மொதல் நெனப்பே வந்துச்சு.

எங்க தொழில்ல ஒருத்தன் கலயத்துல இன்னொருத்தன் கை வைக்கிறதுன்னா, அவன் பொண்டாட்டி மேல கை வைக்கிற மாதிரி. களவு குடுத்தவன் போலீஸுக்கும் போக முடியாது. "கள்ளைத் திருடிட்டான் சாமி"ன்னு ஸ்டேஷன்ல போய்ச் சொல்ல முடியுமா? அதனால எங்க பஞ்சாயத்து எல்லாம் கையாலதான். அதுக்கும் ஒரு கட்டு இருந்துச்சு. கத்தி மரத்துக்கு, கை மனுசனுக்கு. எவ்ளோ பெரிய சண்டையா இருந்தாலும் பாளைக் கத்தியை எடுக்கக் கூடாது.

எவன் மேல சந்தேகம்னு தேடினா, கிடைக்காமலா போகும்? என்கிட்ட குடிச்ச ஆளுங்க நாலஞ்சு பேரு சிங்கவரம் பக்கம் போறதாக் கேள்விப்பட்டேன். என்கிட்ட சரக்கு குறைஞ்சா அவங்க வேற எங்க போவாங்க? அதை யோசிக்கல. "மச்சான் கிட்ட மட்டும் எப்படிச் சரக்கு ஏறுது?"ன்னு யோசிச்சேன். ரெண்டு நாள் சோறு எறங்கல. மூணாம் நாள் காலையில கரை மரம் ஏறிப் பார்த்தா கலயத்துல கால்வாசி. மேலருந்தே கலயத்தைக் கீழ விட்டெறிஞ்சேன். இறங்கினவன் வீட்டுக்குப் போகல. சிங்கவரத்துக்கு விறுவிறுன்னு நடந்தேன். கத்தி இடுப்புலயே இருந்துச்சு.

மலையடியில, பெரிய பாறைக்குப் பின்னாடி அவங்க விக்கிற எடம். அஞ்சாறு பேரு குந்திக்கிட்டு இருந்தாங்க. தங்கச்சி ஊத்திக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோச்சு. "வாண்ணா, சாப்டியா?"ன்னு கேட்டா. "ஒரு மொந்தை குடு"ன்னேன். குடுத்தா. குடிச்சேன்.

தண்ணி மாதிரி இறங்குச்சு. துவர்ப்பே இல்ல. தொண்டையில சேத்து வாசம் நின்னுச்சு.

"இது என் கரை மரத்துக் கள்ளு"ன்னேன்.

மச்சான் அப்பத்தான் மரத்துலருந்து இறங்கி வந்தான். மொதல்ல சிரிச்சான். "இன்னா மச்சான், காலையிலயே பந்தயமா?"

"பந்தயம் இல்லடா. திருட்டு. எத்தனை நாளா என் மரம் ஏறுற?"

குந்தியிருந்தவங்க மொந்தையைக் கீழ வச்சிட்டாங்க. அவன் சிரிப்பும் நின்னுபோச்சு. "வார்த்தையை அளந்து பேசு. என் மரத்துக் கள்ளைக் குடிச்சிட்டு என்னையே திருடன்ற? சீமை நாக்குக்கு இன்னா பேதி புடிச்சிதா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இருக்குதே, அதுதான் என்னை ஏத்திவிட்டது. கன்னத்துல விட்டேன் ஒண்ணு. அவன் சும்மா இருப்பானா? கையில கிடைச்ச மொந்தையால என் நெத்தியில அடிச்சான். மொந்தை உடைஞ்சு, ரத்தம் கண்ணுல இறங்குச்சு. ரெண்டு பேரும் கட்டிப் புரண்டோம். அவன் முழங்காலால என் விலாவுல குத்தினான், நான் அவன் தோளைக் கடிச்சேன். தங்கச்சி "விடுங்க, விடுங்க"ன்னு தலைமுடியைப் புடிச்சு இழுக்கிறா, யாரு முடின்னு கூடத் தெரியல. அவன் என் மேல ஏறி உக்காந்து குரல்வளையைப் புடிச்சான். என் கை இடுப்புக்குப் போச்சு.

பாளைக் கத்தி எப்பேர்ப்பட்ட கூர்னு நான் சொல்லத் தேவையில்ல. நான் வீசினேன், அவன் வலது கையைக் குறுக்க விட்டான். சத்தமே வரல. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த எடத்துல ஒண்ணும் இல்ல. ஒரு நொடி ரத்தம் கூட வரல, அப்புறம் பீச்சி அடிச்சது. பக்கத்துல இருந்த பானைக் கள்ளு பூரா செவந்துபோச்சு. கையைத் தூக்கிப் பார்த்தான். "மச்சான், கத்தியையா எடுத்த?"ன்னு கேட்டான். வெட்டினதை விட அதைத்தான் அவனால நம்ப முடியல.

தங்கச்சி என்னைத் திட்டல, அடிச்சா. பானை வைக்கிற கல்லை எடுத்து என் முதுகுல போட்டா. அடுத்து விறகுக் கட்டை. தோள்ல, கையில, காதுல. அடிக்க அடிக்க ஒரே பாட்டுத்தான். "விடியக்காலம் இங்க மழைடா! மழை பேஞ்சதுடா பாவி! மரத்தைப் பாருடா! கண்ணு அவிஞ்சுபோச்சா?"

பார்த்தேன். பனைங்க ஒரு பக்கமாக் கருத்து நனைஞ்சு நிக்குது. மட்டை நுனியில இன்னும் தண்ணி சொட்டுது. பாறைக் குழியில தண்ணி நிக்குது. குனிஞ்சு என் காலைப் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் சேறு. அந்தச் சேத்தை மிதிச்சுக்கிட்டுத்தான் மலையடிக்கு நடந்து வந்திருக்கேன். செஞ்சியில ஒரு சொட்டு இல்ல. கோடை மழை அப்படித்தான், மாட்டுக்கு ஒரு கொம்பு நனையும், ஒரு கொம்பு காயும். பாண்டிச்சேரி பாட்டில்ல எங்கயோ ஒரு சீமையில பேஞ்ச மழையைக் கண்டுபிடிச்சவனுக்கு, தன் காலடியில பேஞ்ச மழை தெரியல. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க! என் கரை மரத்துல எவனும் கை வைக்கலன்றதும் அப்பத்தான் உறைச்சது. ஏரி காஞ்சது, மரம் வத்துச்சு. சின்னப் புள்ளைக்குக் கூடப் புரியுற விஷயம்.

அவன் கையைத் துண்டால இறுக்கிக் கட்டி, அவன் சைக்கிள் கேரியர்லயே உக்கார வச்சு, செஞ்சி ஆஸ்பத்திரிக்கு மிதிச்சேன். வழி பூரா அவன் நெத்தி என் முதுகுல சாஞ்சிருந்துச்சு. தங்கச்சி பின்னாலயே ஓடி வந்தா. என் மனசுல ஒண்ணே ஒண்ணுதான் ஓடுச்சு. இவன் இனிமே மரம் ஏறுவானா? ஏறலைன்னா என் தங்கச்சி கஞ்சிக்கு இன்னா பண்ணுவா? ஏறுற கையை வெட்டிட்டு, ஏறுவானான்னு நானே கேட்டுக்கிறேன், பாருங்க.

ஆஸ்பத்திரி வாசல்லயே ஏட்டையா நின்னுக்கிட்டு இருந்தாரு. கள்ளு வாசத்தை அரை மைல்ல புடிக்கிற ஆளு. கட்டுப் போட்டு முடியுற வரைக்கும் காத்திருந்துட்டுக் கேட்டாரு. "யாருடா வெட்டினது?" என்னைப் பார்த்துக்கிட்டே கேட்டாரு. என் நெத்தியில ரத்தம் இன்னும் காயல. நான் வாயைத் திறக்கப் போனேன். சத்தியமாத் திறக்கத்தான் போனேன்.

அதுக்குள்ள மச்சான் சொன்னான். "பதநீருக்குப் பாளை சீவும்போது கை தவறிடுச்சுங்க. மச்சான்தான் ஓடியாந்து தூக்கினாரு. அவசரத்துல கீழ விழுந்து நெத்தி உடைஞ்சுபோச்சு அவருக்கு."

ஏட்டையா சிரிச்சாரு. "வெட்டுப்பட்டது வலது கை. வலது கையை எந்தக் கையால வெட்டிக்கிட்ட?"

நான் செத்தேன். மச்சான் கொஞ்சம் கூட யோசிக்கல. "நான் இடது கைக்காரனுங்க"ன்னான்.

"ஓஹோ. பார்ப்போம். ஊருக்குள்ளதானே இருக்கப் போற?"ன்னு சொல்லிட்டு ஏட்டையா போனாரு.

வெளிய வந்ததும் நான் அவன் காலைப் புடிச்சேன். "ஏன்டா பொய் சொன்ன?"ன்னு அழுதேன். அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான். தங்கச்சிதான் பேசினா. "உனக்காக ஒண்ணும் இல்ல. நம்ம அம்மாவுக்கு நீ ஒரே ஆம்பளைப் புள்ளை. இனிமே எங்க வாசலை மிதிக்காத."

அடுத்த தை வந்தது. அவன் மரத்தை நான் ஏறித் தர்றேன், சம்பளம் வேணாம், கள்ளு வேணாம்னு ஆள் விட்டுச் சொன்னேன். "எங்க கலயத்துல எவனும் கை வைக்க வேணாம்"னு தங்கச்சி பதில் அனுப்பினா. அவ மல்லாட்டைக் கொல்லைக்குக் களை வெட்டப் போனா. அவன் இடது கையால பாளை சீவப் பழகினான். மொதல் மாசம் பூரா பாளையா சாகடிச்சான். ஒரு தடவை மட்டையிலருந்து சறுக்கி நெஞ்சு பூரா தோல் உரிஞ்சிதாம். இதெல்லாம் எனக்கு அடுத்தவன் சொல்லித்தான் தெரியும்.

சோறு விஷயம்தான் கொடுமை. புண்ணு ஆறினதும் மூணு விரலால அவன் வலது கையாலயே சாப்பிடலாம். ஆனா ஏட்டையா கண்ணு ஊர் பூரா சுத்துது. இடது கைக்காரன்னு ஒரு தடவை சொல்லியாச்சு. அதனால டீக்கடையில கிளாஸ் புடிக்கிறது இடது கை. கல்யாண வீட்டுப் பந்தியில சோத்தைப் பிசையுறதும் இடது கை. நம்ம ஊர்ல பீச்சாங்கையால சோறு தின்னா விடுவாங்களா? பக்கத்து எலைக்காரன் எழுந்து போவான். ஒரு கல்யாணத்துல அவன் எலையை இழுத்துக் கொல்லைப்பக்கம் போட்டாங்களாம். அவன் அங்கயே குந்தித் தின்னுட்டு வந்தானாம். என்னைத் திட்டியிருந்தா, பதிலுக்கு என் கையை வெட்டியிருந்தா எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஒண்ணரை வருஷம் கழிச்சு, அதுக்குள்ள பொறந்திருந்த அவங்க பொண்ணுக்குக் காது குத்தணும்னு வந்தது. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். தங்கச்சிக்கு வேற அண்ணன் தம்பி கிடையாது. சீனித்தட்டோட வந்து என் வாசல்ல நின்னா. "மொறைக்குக் கூப்புடுறேன். வந்து மடியைக் குடுத்துட்டுப் போ"ன்னா. உள்ள கூட வரல.

போனேன். குழந்தை என் மடியில உக்காந்து, காது குத்தினதும் என் சட்டையைப் புடிச்சுக்கிட்டு வீறிட்டு அழுதுச்சு. என்னாலயும் அடக்க முடியல. அப்புறம் ஆட்டுக்கறிச் சோறு. ஓசிச் சோறுன்னா ஏட்டையா வராம இருப்பாரா, முதல் பந்தியிலயே உக்காந்துட்டாரு. எதுத்தாப்புல மச்சான், அவனுக்கு இந்தப் பக்கம் நான். எல்லா எலையிலயும் சோறு விழுந்துச்சு. மச்சான் வலது கையை மடியில வச்சிக்கிட்டு, இடது கையால பிசைய ஆரம்பிச்சான். அவனுக்கு அந்தப் பக்கம் இருந்த கிழவன் ஒருத்தன் எலையை விட்டு எழுந்தான். "த்தூ, சொந்த வீட்டு விசேஷத்துலயே பீச்சாங்கையா?"ன்னான்.

நான் எந்திரிச்சேன். என் எலையை ஒரு உதை விட்டேன், கறியும் சோறும் பந்தி பூரா தெறிச்சது. கிழவன் நெஞ்சைப் புடிச்சுத் தள்ளினேன். "அவன் வலது கைக்காரன்டா! இந்த ஜில்லாவுலயே அவனை மாதிரி வலது கையால பாளை சீவினவன் கிடையாதுடா! வெட்டினது நான்! ஏட்டையா, கேட்டுக்குங்க, நான்தான் வெட்டினேன்!"

ஏட்டையா கை வாய்க்குப் போற வழியில நின்னுச்சு. தங்கச்சி சோத்துக் கூடையை அப்படியே புடிச்சுக்கிட்டு நிக்கிறா.

மச்சான் தலை நிமிராம சொன்னான். "கோச்சிக்காதீங்க ஏட்டையா. மச்சான் காலையிலயே ஊத்திக்கிட்டாரு. குழந்தை அழுததைத் தாங்க முடியல அவரால."

நாலு பேரு சிரிச்சாங்க. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. ஏட்டையா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாரு. அப்புறம் எலையைப் பார்த்தாரு, எலும்பைக் கடிக்க ஆரம்பிச்சிட்டாரு. ஒண்ணரை வருஷமாத் தொண்டையில வச்சிருந்த உண்மையைச் சொன்னா, குடிகாரன் பேச்சுன்னு ஆயிடுச்சு. அன்னைக்கு நான் ஒரு சொட்டுத் தொடல.

நான் வெளிய போகத் திரும்பினேன். எலை மேலயே குனிஞ்சு, மச்சான் என் மணிக்கட்டைப் புடிச்சான். மடியில ஒளிச்சு வச்சிருந்த வலது கையால புடிச்சான். எனக்கு மட்டும் கேக்குற மாதிரிச் சொன்னான்.

"உக்காரு மச்சான். உன் தங்கச்சிக்கு மூணு மாசம். அடுத்ததுக்கும் மடி வேணும். நீ ஜெயிலுக்குப் போயிட்டா நான் எவன் மடியைத் தேடிப் போறது?"

கையை உதறிப் பார்த்தேன். மூணே விரல்தான், ஆனா மரம் ஏறுறவன் பிடி. என்னால விடுவிச்சுக்க முடியல. உக்காந்தேன். தங்கச்சி வந்து எனக்கு வேற எலை போட்டா.